தலையில் சுமந்த பெயர்

பவர் ஹவுசை விட்டு வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் காதுக்குள் டைனமோ ஓடிக்கொண்டேயிருக்கிறது, ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் நின்றவனுக்குக் காலையில் உலகம் மௌனமாக இருக்காது, காக்காய் கத்துவது கூட எஞ்சினுக்கு உள்ளேயிருந்து கத்துவது மாதிரிதான் கேட்கும், ஆனால் இன்றைக்கு அந்த இரைச்சல் வேண்டியிருக்கிறது, அது நின்றுவிட்டால் என் பெயரைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டுவிடும். மேரியின் தாழ்வாரம். நகரசபையை நாங்கள் மேரி என்றுதான் சொல்வோம், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டதும் போட்டதும் அப்படியப்படியே எங்கள் வாயில் கிடக்கிறது. சுவரில் இரண்டு படங்கள். பிரான்சின் கிழ மார்ஷல் படம் பழசு, பக்கத்தில் பெர்லின்காரர் படம் அதைவிடக் கொஞ்சம் மேலே, ஆணி அடித்தவன் அளந்து அடித்திருக்கிறான். ஜெர்மனி ஐரோப்பாவை ஜெயித்த வருஷம் என் மகள் எலோதி தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள், இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவ்வளவு காலமாகிவிட்டது, பெர்லின் சொல்வது பாரீசுக்குச் சட்டம், பாரீஸ் சொல்வது எங்களுக்குச் சட்டம், இத்தனை நாளும் அந்தச் சட்டம் கடலைத் தாண்டி வரும்போது களைத்துப்போய்த்தான் வந்தது, கொடி மாறியது, பள்ளிக்கூடத்தில் பாட்டு மாறியது, பவர் ஹவுசில் எஞ்சின் எண்ணெய் டின்னில் எழுத்து மாறியது, எண்ணெய் அதே நாற்றம். இந்த வருஷம்தான் களைக்காமல் வந்துவிட்டது. வம்ச விசாரணை. யூதப் பெயர் வைத்திருப்பவர்கள் வந்து நிரூபித்துவிட்டுப் போக வேண்டும், நிரூபிக்காதவர்கள் குடும்பத்தோடு மடகாஸ்கர் தீவுக்கு நாடு கடத்துகிற கப்பலில் ஏற வேண்டும். நான் அருளப்பன். அருளப்பன் பெர்னேம். பவர் ஹவுஸ் ராத்திரி ஷிப்ட், தமிழன், தார் மாதிரி கறுப்பு. யூதன் இல்லை என்று நிரூபிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

சிரிப்பு வருகிறது. போன வாரம் துபாஷி கனகசபாபதியிடம், அதாவது இந்த விசாரணைக்கு மொழிபெயர்க்கிறவரிடம், என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதாங்க என்று கேட்டேன். அவர் பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே, "கொச்சியில கறுப்பா இருக்கிற யூதரெல்லாம் உண்டாமேப்பா, விசாரிக்கிற டாக்டர் துரை புஸ்தகத்தில படிச்சிருக்காரு, மூஞ்சி செல்லாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் கேசு சுலபம். உன் தாத்தன் எதை விட்டானோ அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாதியைச் சொல்லு. சாட்சிக்கு உங்க ஊர் மிராசுதார் வீட்டு ஆள் ஒருத்தர் வரட்டும். அஞ்சு நிமிஷம்." ஒரு வார்த்தை. தாத்தா சவரிராயன் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாதென்று வைத்த வார்த்தை. அப்பா அதைச் சொன்னதில்லை, நான் சொன்னதில்லை, தெருவில் யாரோ சொல்லி எலோதி சின்னப்பிள்ளையில் வந்து, அப்படின்னா என்னப்பா என்று கேட்டபோது என் வீட்டுக்காரி ரொசாலி அடுப்பில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள், நான் ஜன்னலைச் சாத்தினேன், வார்த்தை வெளியே போய்விடும் என்றா, உள்ளே வந்துவிடும் என்றா, இன்றுவரை தெரியவில்லை.

ஊருக்குத் தெரியாது என்றில்லை. அதுதான் வேடிக்கை. இன்று காலை ஷிப்ட் முடிந்து முகம் கழுவ வீட்டுக்குப் போனபோது ரொசாலி அதைத்தான் சொன்னாள், "சொல்லிட்டு வாய்யா. ஊருக்குத் தெரியாததையா சொல்லப்போற? பெரிய சிதம்பர ரகசியம். மத்தி வாங்கி வச்சிருக்கேன், கெட்டுப்போறதுக்குள்ள வந்து சேரு." அவள் மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ஒரே மீனின் செதிலைத் திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள், அதில் உரிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆமாம், தெருவுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், மாதா கோயிலில் சாதி பிரிக்க நடுவில் சுவர் இருந்த காலத்தில் நாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்று சுவருக்கே தெரியும். ஆனால் காகிதத்துக்குத் தெரியாது. அது ஒன்றுதான் தாத்தா சம்பாதித்தது. அந்தக் காலத்தில் சாதி வழக்கத்தை விட்டுவிடுகிறேன், பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்துவிடுகிறேன் என்று மேரியில் சொன்னால் குடும்பத்துக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ளலாம், பேர் எடுத்தவங்க என்று எங்களை ஊர் சொல்லும், மரியாதையாகவும் சொல்லும், நக்கலாகவும் சொல்லும். ஒவ்வொருத்தரும் தளபதி பெயர், பூவின் பெயர், புனிதர் பெயர் என்று எடுத்தார்கள். சவரிராயன் பெட்டியின் பெயரை எடுத்தார்.

அதை நினைத்தால் இப்போதும் அவர் நடை தெரிகிறது, நான் பார்த்தேயிராத நடை, அப்பா நடந்து காட்டிய நடை. கடற்பாலத்தில் மூட்டை இறக்குகிறவர். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் மரப்பெட்டி, பெட்டிக்குள் வைக்கோலும் விளக்குக் கண்ணாடியும், சீமையில் ஸ்திராஸ்பூர் ஊரிலிருந்து வருகிற சரக்கு. தன் தலையில் இருப்பதை ஒருவன் பார்க்க முடியாது. முன்னால் போகிறவன் தலையில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். வரிசையாகப் பாலத்தின் மேல் நடக்கும்போது முன்னவன் பெட்டியில் சூடு போட்ட கறுப்பு எழுத்து, காலையிலும் அதுதான், வெயிலிலும் அதுதான், வருஷக்கணக்காக அதுதான். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவருக்கு அந்த எழுத்துகள் மட்டும் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. மேரியில், ஒருவேளை இதே தாழ்வாரத்தில், என்ன பெயர் வேண்டும் என்று குமாஸ்தா கேட்க, அவர் அடுப்புக்கரித் துண்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் குந்தி உட்கார்ந்து வரைந்தார், படமாக வரைந்தார், பெர்னேம். குமாஸ்தா சிரித்தானாம், இது சரக்குக் கம்பெனிப் பெயர்டா என்றானாம். "இருக்கட்டும் சாமி. இத்தனை நாள் தலையில இருந்திச்சு. இனிமே பேர்ல இருக்கட்டும்." அது எந்த நாட்டான் பெயர், எந்த மதத்தான் பெயர் என்று அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அந்தப் பெயரை யாரும் டா போட்டுக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை, அது போதும் அவருக்கு.

"என்னடா அருளப்பா, தூங்கறியா?" எதிர் பெஞ்சிலிருந்து நரசிம்மலு. என் சாட்சி. பாகூர்ப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பேரன், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன், வெள்ளி வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காம்பு கிள்ளுகிறான். கூப்பிட்டதும் வந்துவிட்டான், வில்வண்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிறவன் மாதிரி அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு. "இல்லைங்க" என்கிறேன். இந்த இல்லைங்க எங்கிருந்து வருகிறது, பவர் ஹவுஸ் மேனேஜருக்குக் கூட இவ்வளவு குனிந்து நான் பதில் சொல்வதில்லை. "எங்க தாத்தா இருந்திருக்கணும்டா. உங்க சவரிராயன் பேர் எடுத்துட்டு ஊருக்கு வந்தப்ப செருப்பு போட்டுகிட்டு வந்தானாம், துரை வர்றாரு வழி விடுங்கன்னு எங்க தாத்தா சிரிச்சாராம். இப்ப பாரு, துரைங்களே உன்னை வேணாங்கறாங்க." வெற்றிலைச் சாற்றை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பயப்படாதே. நான் சொல்றேன் உள்ள. தலைமுறை தலைமுறையா எங்க நெலத்துல கெடந்தவன்தான், கலப்படமே கெடையாதுன்னு சொல்றேன்" என்கிறான். உபகாரம். உண்மையாகவே உபகாரம்தான், அதில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது, இவன் பொய் சொன்னால் கூட வெறுக்கலாம், இவன் உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றப்போகிறான். என் பிள்ளை உயிரோடு இருக்க இவன் வாய் வேண்டியிருக்கிறது. எலோதி, இன்று காலை வாசலில் நின்று பின்னல் போட்டுக்கொண்டே சொன்னாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறையில் ஒரு தண்ணீர்ப் பானை உண்டு, காகிதத்தில் எங்கள் பெயர் பெர்னேம் என்று இருக்கிறவரை அவள் அதில் மொண்டு குடிக்கலாம், நாளைக்குக் குடிக்கலாமா தெரியாது, "பானையைப் பத்தி எனக்குக் கவலை இல்லப்பா. பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போறேன். ஆனா நீ அதைச் சொல்றப்ப தலையைக் குனிஞ்சு சொல்லாத." குனியாமல் சொல்வது எப்படி. ராத்திரியெல்லாம் டைனமோ பக்கத்தில் ஒத்திகை பார்த்தேன், சத்தத்தில் எனக்கே கேட்காது என்ற தைரியத்தில், நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தேன், உதடு சேர்ந்தது, அதற்கு மேல் வரவில்லை.

ஆனால் பயம் அது மட்டுமில்லை, அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஈரத்தரையைச் சுற்றி நடக்கிற பூனை மாதிரி. கடிகாரக்காரர். ஆர்மான் பெர்னேம், நிஜமான யூதர். போர் முடிகிற சமயத்தில் ஏதோ கப்பலில் தப்பி வந்து பெரிய வாய்க்கால் ஓரத்தில் கடை போட்டவர். கடைப்பலகையில் என் பெயரைப் பார்த்து நான் உள்ளே போனேன், பழுதான கடிகாரம் ஒரு சாக்கு. ரசீது எழுதப் பெயர் கேட்டார், சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஒரு கண் சின்னது, ஒரு கண் பூசணிக்காய். பெட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார் பாருங்கள், மேஜை மேலிருந்த சின்னச் சக்கரங்களெல்லாம் நடுங்கின, அவ்வளவு சிரித்தார், சிரித்து முடித்தபோது கண்ணாடிக்குள் அந்தப் பெரிய கண் நனைந்திருந்தது. அந்த விளக்குக் கண்ணாடி அவருடைய பெரிய தாத்தாவின் சரக்காம். ஸ்திராஸ்பூரில் இப்போது அந்தப் பெயரில் யாருமே மிச்சமில்லையாம், தெருவோடு போய்விட்டார்களாம். ஒரே பேர்க்காரர்களுக்குத் தமிழில் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டார். பங்காளி என்றேன், வேறு என்ன சொல்வது. "பங்காளின்னா என்ன செய்வாங்க?" "சொத்துக்குச் சண்டை போடுவாங்க." "நமக்குச் சொத்து?" "பேர் ஒண்ணுதான்." "அப்ப ஆளுக்குப் பாதி" என்று கை நீட்டினார். அன்றிலிருந்து தெருவில் எங்கே பார்த்தாலும், வாய்க்காலுக்கு அந்தக் கரையிலிருந்து கூட, பங்காளீ என்று நீட்டி ஒரு கூப்பாடு, சைக்கிளில் போகிறவன் விழுந்துவிடுவான். கடிகாரம் கொண்டுவருகிற எல்லாரிடமும் அவருக்கு ஒரே பதில்தான், "வெச்சுட்டுப் போ. பொறவு வா." எப்போது என்று கேட்டால், "பொறவு." அவரைப் போன மாதம் பிடித்துவிட்டார்கள். எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் ஒளிந்திருந்தார், அது இங்கிலாந்துக்காரன் இடம், ஆனால் இங்கிலாந்துக்காரன் பெர்லினோடு சமாதானம் பேசி இந்தியாவைத் தக்கவைத்துக்கொண்டவன், கேட்ட ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுவான். இப்போது கடற்கரைச் சுங்கக் கிடங்கில், கப்பலுக்காக. நான் வீட்டுக்குப் போகிற வழி அது. ஒரு மாதமாகச் சுற்றி வேறு தெருவில் போகிறேன். என்னைப் பார்த்தால் கூப்பிடுவார். சிப்பாய் நிற்கும்போது, தெரு பார்க்கும்போது, பங்காளீ என்று கூப்பிடுவார், அந்த ஒரு கூப்பாட்டில் எலோதியும் ரொசாலியும் நானும் கப்பலில் ஏறிவிடுவோம். அதுதான் பயம். அவர் கூப்பிடுவாரே என்பதுதான். இல்லை, அதுவும் இல்லை. அவர் கூப்பிட்டால் நான் திரும்பாமல் போவேனே, அது.

"பெர்னேம்!" டைனமோ நின்றுவிட்டது. சேவகன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எழுந்திருக்கிறேன், கடைசி முறையாக அந்தப் பெயருக்கு எழுந்திருக்கிறேன் என்று முழங்கால் நினைக்கிறது, நான் நினைக்கவில்லை. உள்ளே மின்விசிறி, நான் அனுப்புகிற கரண்டில் சுற்றுகிறது, அதற்குக் கீழே டாக்டர் துரை, நரைத்த புருவம், சளி பிடித்த மூக்கு, கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறார், பார்த்தால் யாரோ ஒருவனின் மாமனார் மாதிரி இருக்கிறார். நரசிம்மலு நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான், எங்க நெலம், எங்க தாத்தா, எங்க களத்துமேடு, கனகசபாபதி அதைப் பிரெஞ்சில் வழித்துப் போடுகிறார், துரை தும்முகிறார். "நீ சொல்லுப்பா" என்கிறார் கனகசபாபதி. எலோதியின் பின்னல் ஞாபகம் வந்தது. கழுத்தை நிமிர்த்தினேன், தலையில் பெட்டி இருக்கிறவன் குனிய முடியாது, குனிந்தால் கண்ணாடி உடையும், அப்படி நிமிர்த்தினேன். அந்தச் சொல்லைச் சொன்னேன். கூரை இடியவில்லை. மின்விசிறி சுற்றியது. நரசிம்மலு மட்டும் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான், அந்தச் சொல்லை அவன் எத்தனையோ தடவை சொல்லியிருப்பான், நிமிர்ந்து சொல்லிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "பெர்னேம்ங்கிற பேர்?" என்று கனகசபாபதி. "பெட்டி மேல இருந்தது." துரைக்கு அது மொழிபெயர்க்கப்பட்டதும் அவரும் சிரித்தார். சக்கரங்கள் எதுவும் நடுங்காத சிரிப்பு. "கடிகாரக்காரன்?" துரை கேட்பதைக் கனகசபாபதி தமிழில் போடுகிறார். "அவன் உனக்கு உறவா?" உறவில்லை என்றேன். அது நான் சொன்னதுதான், வேறு யார் சொன்னது, என் குரல்தான், சாதியைச் சொல்ல ராத்திரியெல்லாம் வராத வாய் இதைச் சொல்லும்போது வழவழவென்று வழிவிட்டது. முத்திரை விழுந்தது. அருளப்பன். வெறும் அருளப்பன். "கெளம்புடா" என்று நரசிம்மலு சொல்லவில்லை, வாயெடுத்தான், அப்புறம் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு, "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வில்வண்டிக்குப் போனான்.

வெயில். தலை லேசாக இருக்கிறது, மூட்டைக்காரர்கள் சொல்வார்கள், பெரிய சுமையை இறக்கினதும் நடக்க வராது, காற்றில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், இறக்கின பின்னும் கை மேலேயே நிற்கும் என்று. சுற்றுவழியில் திரும்ப வேண்டிய இடத்தில் கால் திரும்பவில்லை. தூக்கமில்லாத கால், அதற்குப் பழைய வழிதான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொய். இனிமேல் என்ன, காகிதம் இருக்கிறது, பெயர் இல்லை, கூப்பிட்டால் கூப்பிடட்டும், யாரை யார் கூப்பிடுவது. கடல் அலுமினியத் தகடு மாதிரி. பழைய கடற்பாலத்தின் தூண்கள். கிடங்கின் சுவர், உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல், கீழே நிழலில் நம் ஊர்ச் சிப்பாய் ஒருவன், சிவப்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு. ஜன்னலில் அவர். தாடி வளர்ந்துவிட்டது. கண்ணாடி இல்லை, இரண்டு கண்ணும் ஒரே அளவு, அது எனக்குப் பழக்கமில்லாத முகம். என்னைப் பார்த்தார். பார்த்தார், நிச்சயம் பார்த்தார், வாய் திறந்தது, அந்த நீட்டலுக்கு உதடு தயாராகிவிட்டது. நான் நின்றுவிட்டேன், முதுகெல்லாம் வியர்வை. அவர் வாயை மூடிக்கொண்டார். மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலின் மரச்சட்டத்தை நகத்தால் சுரண்டினார், பழுது பார்க்கிறவர் மாதிரி, அதில் ஏதோ சக்கரம் இருக்கிறாற்போல. என்னைத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. மேரியில் நான் சொன்னதை இங்கே அவரும் எனக்காகச் சொல்கிறார், வாயைத் திறக்காமல்.

போய்விடலாம். மீன் கெட்டுப்போகும். போ. "பங்காளீ!" வெளியே வந்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. சிப்பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். "யாரய்யா கூப்பிடற?" ஜன்னலைக் காட்டினேன். "இவரையா? இவரு உனக்குப் பங்காளியா?" என்னைப் பார்த்தான், என் எண்ணெய்க் கறை சட்டையைப் பார்த்தான், மேலே அவரைப் பார்த்தான். "ராத்திரி வேலையா?" "ஆமா. பவர் ஹவுஸ்." "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. தூங்காத மனுசனுக்கு வெள்ளைக்காரனெல்லாம் பங்காளியாத்தான் தெரிவான். போய்ப் படுய்யா, யாராச்சும் கேட்டா எனக்கும் சேர்த்து வேட்டு வச்சிடுவ." மறுபடி உட்கார்ந்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான், வேண்டுமென்றேதான் திருப்பிக்கொண்டான் என்று நினைக்கிறேன். மேலே சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றுவிட்டது. "பங்காளி" என்றேன், இப்போது தாழ்வாக, "சொத்தைப் பிரிச்சுட்டாங்க. என் பாதியும் உங்ககிட்டதான்." வேறு என்ன சொல்ல. மன்னிப்பு என்றால் அது ஒரு வார்த்தை, இன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகள் போதும். அலை வந்து போனது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, ஜன்னலுக்கு முதுகு காட்டினார், அந்த முதுகு ஒரு தடவை குலுங்கியது, சிரிப்பா, வேறெதுவா, பின்பக்கத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான். பிறகு கடையில் எல்லாரிடமும் சொல்கிற குரலில், அவசரமில்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"வெச்சுட்டுப் போ. பொறவு வா."